கடற்படையில் பதினாறு ஆண்டு, அதற்கு அப்புறம் அப்பா

அப்பா கடற்படையில் இருந்தது 1960 முதல் 1976 வரை. 17 வயதில் போனவர் 33 வயதில் பென்ஷனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சென்ற ஆண்டு அவர் காலமானபோது வயது 82. கணக்குப் பார்த்தால் கப்பலில் இருந்ததைப் போல மூன்று மடங்கு காலம் வீட்டில் இருந்திருக்கிறார். ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் கேட்டதெல்லாம் கப்பலைப் பற்றித்தான். விக்ராந்தில் வேலை பார்த்தவர், 1971 பாகிஸ்தான் போரில் இருந்தவர் என்றால் கேட்கத்தானே செய்வார்கள். அந்தக் கப்பல் எங்கள் வீட்டுக்குள் எங்கெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது என்பது கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் காதில் இருந்தது, நெஞ்சில் இருந்தது, தூக்கத்தில் இருந்தது, பென்ஷன் காகிதத்தில் இருந்தது. நாங்கள் ஒவ்வொன்றாக, மெதுவாகத் தெரிந்துகொண்டோம். இப்படி ஒரு பழைய கடற்படைக்காரர் உங்கள் வீட்டிலும் இருந்தால், உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.

தென்னாற்காட்டில் ஒரு கிராமத்திலிருந்து கிளம்பி, விசாகப்பட்டினம் ஐ.என்.எஸ். சர்கார்ஸில் பையனாகப் பயிற்சியில் சேர்ந்தார். பிறகு லோனாவ்லாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சிவாஜியில் இன்ஜினியரிங் பிரிவுக்கான பயிற்சி. ஸ்டோக்கர் ஆனார், அதாவது கொதிகலனுக்குத் தீ மூட்டிப் பார்த்துக்கொள்கிறவர். கரி அள்ளிப் போடுகிற காலம் அப்போதே போய்விட்டது, எரித்ததெல்லாம் ஃபர்னஸ் ஆயில். ஆனால் சூடு அதே சூடுதான். சில சின்னக் கப்பல்களுக்குப் பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1943இல் கட்டத் தொடங்கி, உலகப் போர் முடிந்ததும் பாதியில் நிறுத்திவைத்திருந்த கப்பல் அது. இந்தியா அதை வாங்கி, பெல்ஃபாஸ்டில் கட்டி முடித்து, 1961 மார்ச் 4 அன்று கடற்படையில் சேர்த்தது. அப்பா பிறந்ததும் 1943 என்பதால், "எனக்கும் அதுக்கும் ஒரே வயசு" என்று சொல்லிக்கொள்வார்.

நான்கு கொதிகலன்கள். அவை தரும் நீராவியில்தான் கப்பலும் ஓடியது, மேல்தளத்திலிருந்து விமானத்தைத் தள்ளிவிடும் கேட்டபல்ட்டும் ஓடியது. கொதிகலன் அறையில் வெயில்கால வங்காள விரிகுடாவில் 50 டிகிரியைத் தாண்டும் என்பார். நான்கு மணி நேர வாட்ச், அதாவது பணிமுறை, முடிந்து ஏணியில் ஏறி வந்தால் சட்டையில் உப்பு கோடு கோடாகப் படிந்திருக்குமாம். எங்களுக்குப் பிடித்தது அவர் சொல்லும் நீராவிக் கதைதான். குக்கரிலிருந்து வெள்ளையாக வருகிறதே, அது குளிர்ந்து துளியாகிவிட்ட பிறகு வருவது. கப்பலில் குழாய்க்குள் ஓடும் அதிசூட்டு நீராவி கசிந்தால் கண்ணுக்கே தெரியாது. சீறும் சத்தம் மட்டும் கேட்கும், எந்த இடத்திலிருந்து என்று தெரியாது. கையை நீட்டினால் கை போய்விடும். துடைப்பக் கட்டை ஒன்றை முன்னால் நீட்டிக்கொண்டு அடி அடியாக நடப்பார்கள். கட்டையை எது அறுத்துக்கொண்டு போகிறதோ, அங்கேதான் ஓட்டை. அந்தப் பழக்கத்தில் கடைசிவரை அவர் எந்த இரும்பையும் முதலில் உள்ளங்கையால் தொட்டதில்லை. புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார். எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியில் புறங்கைதான்.

1971இல் அந்த நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் விட்டிருந்தது. மீதி மூன்றை வைத்துக்கொண்டுதான் கிழக்குக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) வேகத்துக்கு மேல் போகக்கூடிய கப்பல் 16 நாட்டுக்குப் பக்கத்தில்தான் ஓடியது. மேலே விமானிகள் டிசம்பர் 4 அன்று காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிவிட்டுத் திரும்பியது வரலாற்றில் இருக்கிறது. கீழே அந்த மூன்று கொதிகலன்களைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. எனக்கு உண்டு.

அம்மா அப்போது கிராமத்தில், மாமனார் வீட்டில். கல்யாணம் 1968இல், நான் பிறந்தது 1970இல். கடிதம் எழுத ஒரே முகவரி, பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் முகவரி அதுதான். அதனால் அவர் அந்தமான் பக்கம் இருந்தபோதும் பம்பாயில் இருக்கிறார் என்றே அம்மா நம்பிக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து ரேடியோவில் போர்ச் செய்தி வந்தபோதுதான், கடிதம் வராததற்குக் காரணம் புரிந்தது. போர் டிசம்பர் 16இல் முடிந்தது. நடுவில் டிசம்பர் 9 அன்று மேற்கே டையூவுக்கு அருகில் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கியது. இறந்தவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். அதில் அப்பாவோடு பயிற்சி எடுத்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 4 கடற்படை தினத்தன்று அப்பா பதக்கங்களை எடுத்துத் துடைப்பார், பேரன்களிடம் பூர்வி ஸ்டார் எது, சங்ராம் பதக்கம் எது என்று சொல்லிக்கொடுப்பார். 9ஆம் தேதி அன்று வாய் திறக்க மாட்டார். என் தம்பி ஒரு தடவை அன்றைக்கு ஏதோ கேட்கப் போனபோது அம்மா கண்ணாலேயே தடுத்தார். உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும். அது எந்த நாள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அன்று சும்மா பக்கத்தில் இருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் சுலபமாக இல்லை. எனக்கு ஆறு வயது. ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வந்து, மிட்டாய் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போகும் ஒரு மனிதர் திடீரென்று நிரந்தரமாக வந்துவிட்டார். காலையில் படுக்கையை மடித்து மூலையில் நேராக வைக்க வேண்டும், செருப்பு ஒரே வரிசையில் இருக்க வேண்டும், வெளியே கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வாசலில் நிற்க வேண்டும். அவருக்கும் வேறு மாதிரி தெரியாது. 17 வயதிலிருந்து வீடு என்று அவர் பார்த்தது மெஸ்டெக்கை, கப்பலில் மாலுமிகள் சாப்பிட்டுத் தூங்கும் தளத்தைத்தான். அம்மாவோ அந்த எட்டு ஆண்டும் வீட்டைத் தனியாக நடத்தியவர். நிலம், மாடு, மாமியார், கடன், பிள்ளைகள் எல்லாம் அவர் கையில் இருந்தன. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இது கப்பல் இல்லீங்க, வீடு. இங்க நான்தான் மூத்தவ" என்றார். அப்பா சிரித்துவிட்டார். பிறகு இருவரும் ஏதோ பேசி முடிவுக்கு வந்திருக்க வேண்டும். கிணறு, மோட்டார், சைக்கிள், கூரை, விளக்கு எல்லாம் அப்பாவின் பொறுப்பு. பணம், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு அம்மாவின் பொறுப்பு. அம்மாவிடம் கேட்காமல் அப்பா அதில் தலையிட்டதே இல்லை.

இதை நான் முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாலுமிகள் சின்ன வயதிலேயே திரும்பி வருகிறார்கள். 15 ஆண்டுப் பணி முடித்து, நாற்பதை எட்டாமல் வீட்டுக்கு வந்து நிற்கும் தம்பிகள் இன்றைக்கும் எத்தனையோ பேர். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். வந்த முதல் ஆறு மாதம் வீட்டில் எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் இல்லாதபோது அந்த வீடு எப்படி ஓடியது என்று உங்கள் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் உங்களுக்கென்று ஒரு பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை விஷயத்தில் அப்பா தெளிவாக இருந்தார். அந்தக் காலத்துப் பென்ஷனில் குடும்பம் நடத்த முடியாது. கப்பலில் கொதிகலன் ஓட்டியவர்தானே என்று கரையில் யாரும் சும்மா வேலை கொடுத்துவிட மாட்டார்கள், கொதிகலன் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். பாய்லர் அட்டெண்டண்ட் தேர்வு எழுதி, முதல் வகுப்புச் சான்றிதழ் வாங்கி, ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் சேர்ந்தார். ஆயிலுக்குப் பதில் கரும்புச் சக்கை, கடலுக்குப் பதில் அரவைப் பருவம். ஷிப்ட் மாற்றும்போது முந்தைய ஆள் "தண்ணி சரியா இருக்கு" என்று சொன்னால் நம்ப மாட்டார். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வடிகாலைத் திறந்து, நீரும் ஆவியும் தடையில்லாமல் வருகிறதா என்று தானே பார்த்து, மட்டம் திரும்பவும் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அடைத்துக்கொண்ட கண்ணாடிக் குழாய் பொய் மட்டம் காட்டும். கொதிகலனில் தண்ணீர் இல்லாதபோதும் இருக்கிற மாதிரி தெரியும். எத்தனையோ கொதிகலன் விபத்துகள் அப்படித்தான் நடந்திருக்கின்றன. 58 வயதில் ஓய்வு பெறும்வரை அவர் ஷிப்டில் ஒரு அசம்பாவிதமும் நடக்கவில்லை. எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இது பெரிய விஷயம்.

இனி காது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். வீட்டில் எல்லாரும் "வயசாயிடுச்சு, அமைதியாயிட்டார்" என்றார்கள். விசேஷ வீடுகளில் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். போனில் "சரி சரி" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும்போது, மறதி நோயோ என்றுகூட உறவினர்கள் பேசினார்கள். ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்: "பாப்பா, உன் குரல் கேக்குது. என்ன சொல்றேன்னுதான் புரியல."

காது பரிசோதனை செய்தபோது மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். இயந்திர இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் போவது உயர்ந்த சுருதிகள், அதிலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். தடித்த ஒலிகள் நன்றாகவே கேட்கும். அதனால் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும். ஆனால் ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய மெய்யொலிகள் விழாது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் ஆண் குரலைவிடக் கடினம். எனக்கு அப்போதுதான் உறைத்தது, தம்பியிடம் பேசியவர் என்னிடமும் பேத்தியிடமும் ஏன் ஒதுங்கினார் என்று. கொதிகலன் அறையில் காதுக்கு என்ன போட்டுக்கொண்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார். "காட்டன் வேஸ்ட், அதுவும் சில பேர்தான்" என்றார் அப்பா.

கத்திப் பேசினால் கேட்கும் என்று நினைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. கத்தும்போது குரல் மேலே ஏறுகிறது. அவருக்குக் கேட்காத சுருதிக்கே போய்விடுகிறது. முகமும் கோபமாகத் தெரிகிறது. செய்ய வேண்டியது நேர் எதிர். முன்னால் வந்து, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி நின்று, தாழ்ந்த குரலில், கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். டிவியை முதலில் அணைக்க வேண்டும். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். "கரண்ட் பில்லு விஷயம்பா" என்று ஆரம்பித்துவிட்டால் மீதியை அவரே பிடித்துக்கொள்வார். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. அதைவிட ஒரு மனிதரை ஒதுக்கிவைக்கும் சொல் வேறு இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிந்துரையோடு காதுக் கருவி இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் வழியாகவே கிடைத்தது. முதல் வாரம் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். தட்டு விழும் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்றார். இது எல்லாருக்கும் வருவதுதான், பல ஆண்டுகளாக வராத சத்தங்களை மூளை திரும்பப் பழகிக்கொள்ள வேண்டும். அமைதியான அறையில், ஒரே ஆளோடு பேசும்போது மட்டும் கொஞ்ச நேரம் போட்டு, நாளாக நாளாக நேரத்தைக் கூட்டினோம். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாத்தாவுக்குப் பாடம் வாசித்துக் காட்டுவாள். அதுதான் பயிற்சி. சில மாதங்களில் காலையில் பல் துலக்கியதும் தானே எடுத்து மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

கருவி இல்லாத நேரத்துக்கு எங்களுக்கு வேறு ஒரு வழி இருந்தது. கொதிகலன் அறையில் பேச்சு எடுபடாது என்பதால் அங்கே எல்லாம் கை ஜாடைதான். அதை எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். மணிக்கட்டை இடதுபுறம் சுழற்றினால் வால்வைத் திற, வலதுபுறம் சுழற்றினால் மூடு, இரண்டு முன்கையையும் குறுக்கே வைத்தால் நிறுத்து, கட்டைவிரலால் மேலே காட்டினால் அழுத்தம் ஏறுகிறது. எங்கள் வீட்டில் அவை மோட்டாரைப் போடுவதற்கும், கேஸை அணைப்பதற்கும், அம்மா கோபமாக இருக்கிறார் என்று எச்சரிப்பதற்கும் பயன்பட்டன. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே நாங்கள் நாலு பேர் தூரத்திலிருந்து பேசிக்கொள்வோம். மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

நெஞ்சு விஷயத்தில் நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அப்பாவுக்கு வறட்டு இருமல் வந்தபோது போன இடத்தில் எல்லாம் கேட்டது, "புகை பிடிப்பாரா?" பிடிக்க மாட்டார் என்றதும் சளி மருந்து எழுதிக்கொடுத்தார்கள். என்ன வேலை பார்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் சூட்டுக் குழாய்களின் மேல் சுற்றியிருந்தது ஆஸ்பெஸ்டாஸ். பழுது பார்க்கும்போது அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு அந்தத் தூசியில்தான் வேலை. அதன் பாதிப்பு இருபது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். சர்க்கரை ஆலையில் பூஞ்சை பிடித்த சக்கைத் தூசியாலும் நுரையீரல் கெடும், அதற்கென்றே பகாஸோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. நான் இரண்டையும் ஒரு தாளில் எழுதி நெஞ்சக மருத்துவரிடம் நீட்டினேன். அவர் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நுரையீரல் உறையில் பழைய தழும்புகள் இருந்தன. நல்லவேளையாகப் புற்றில்லை. ஆனால் அதன் பிறகுதான் ஒழுங்கான கண்காணிப்பு ஆரம்பித்தது. எந்த மருத்துவரிடம் போனாலும் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு செய்த வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் 3.45க்கு எழுந்துவிடுவார். கப்பலில் நாலு மணி வாட்சுக்கு எழுப்பிவிடும் நேரம் அது. எழுந்து கேஸ் குமிழ், குழாய், பின்கதவுத் தாழ்ப்பாள் என்று ஒரு ரவுண்ட்ஸ் போவார். வயதான பிறகு இருட்டில் தடுமாறி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் தம்பி தூக்க மாத்திரை கேட்கலாம் என்றான். மாத்திரை மயக்கத்தில் எழுந்தால்தான் விழுவார் என்று மருத்துவர் சொன்னார். அந்த ரவுண்ட்ஸ் பாதை முழுக்கச் சின்ன விளக்குகளைப் போட்டு, கால் தடுக்கும் மிதியடிகளை எடுத்துவிட்டோம். கடைசிவரை ஒருதடவைகூட விழவில்லை.

இப்போது காகிதங்கள். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதையாவது அவர் உயிரோடு இருக்கும்போது செய்துவிடுங்கள்.

முதலில் அவருடைய பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையை எடுத்து, அதில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதா, ஆதாரில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கள் அம்மாவின் பெயர் கடற்படைப் பதிவில் "அம்மாள்" சேர்த்து இருந்தது. ஆதாரில் அது இல்லை, இனிஷியலும் வேறு. பிறந்த தேதியில் ஒன்றில் ஆண்டு மட்டும், இன்னொன்றில் முழுத் தேதி. அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்களின் பெயரை யார் எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதிக்கொண்டார்கள். திருத்த வேண்டியது பணிப் பதிவேட்டில். மாலுமிகளுக்கு அது மும்பை மான்கூர்டில், சீட்டா கேம்ப்பில் இருக்கும் பியூரோ ஆஃப் செய்லர்ஸ். அங்கே விண்ணப்பம் அனுப்ப மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். எங்களுக்குத் திருத்திய பி.பி.ஓ. வரப் பல மாதங்கள் ஆகின. நடுவில் ஒரு அலுவலகத்தில் எங்கள் காகிதங்களைத் தொலைத்தே விட்டார்கள். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்ததால் மறுபடி அனுப்பினோம். அப்பா கூடவே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அவர் போன பிறகு அம்மா தனியாக இதை நிரூபிக்க வேண்டி வந்திருந்தால் எவ்வளவு அலைச்சல் என்று நினைத்துப் பாருங்கள்.

பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் இணையதளம் வழியாக வருகிறது. பழைய பி.பி.ஓ. எண்ணோடு ஸ்பர்ஷ் தந்த புது எண்ணும், அதில் நுழையும் பயனர் பெயரும் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதில் பதிவான கைபேசி எண் பெரியவர் கையில் இருக்கும் எண்தானா என்றும் பாருங்கள். வெளிநாட்டுக்குப் போன மகனின் பழைய எண்ணைக் கொடுத்துவிட்டுத் தவிக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். உயிர்வாழ் சான்றிதழ் ஆண்டுதோறும் நவம்பரில். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம், கூட்டத்தில் நிற்க வேண்டியதில்லை. 80 வயதில் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் இரண்டு மடங்கு. பிறந்த தேதி பதிவில் சரியாக இருந்தால்தான் இது தானாக வரும்.

இ.சி.எச்.எஸ். திட்டம் 2003இல் வந்தது. சாதாரணமாக அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போய், அங்கிருந்து பரிந்துரைத் தாள் வாங்கித்தான் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். நள்ளிரவில் ஆம்புலன்ஸில் உட்கார்ந்துகொண்டு எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்று தேடக் கூடாது. நாங்கள் இரண்டு மருத்துவமனைகளின் பெயரையும் எண்ணையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தோம். இ.சி.எச்.எஸ். அட்டையைக் கதவுக்குப் பின்னால் ஒரு பையில் போட்டு, கடற்படை டிஸ்சார்ஜ் புக் நகல், மருந்துச் சீட்டு, காதுக் கருவிக்கான மாற்று பேட்டரியோடு தொங்கவிட்டிருந்தோம். பேட்டரியை மறக்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் காது கேட்காமல் படுத்திருப்பவரைக் குழப்பத்தில் இருக்கிறார் என்று எழுதிவிடுவார்கள்.

அப்புறம், அவரைப் பேசவையுங்கள். ஆனால் "போரைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்று கேட்டால் செய்தித்தாளில் வந்ததைத்தான் திருப்பிச் சொல்வார். நாங்கள் கண்டுபிடித்த வழி, பொருளைப் பற்றிக் கேட்பது. ஏணியில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது எது? பர்னரை எப்படிப் பற்றவைப்பீர்கள்? உங்கள் ஹாமக்குக்கு (தொங்கு படுக்கைக்கு) பக்கத்து ஹாமக் யாருடையது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசினார். கேரளத்து நண்பர் ஒருவர் அப்பாவுக்கு வந்த கடிதங்களைச் சத்தமாக வாசித்துக் கிண்டல் செய்தது, அவருக்கே பிறகு அப்பா மாப்பிள்ளைத் தோழனாகப் போனது, எதுவும் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்தால் இன்னும் நல்லது. கை வரைய ஆரம்பித்ததும் வாய் தானாகத் திறக்கும். விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்று, பம்பாயில் அருங்காட்சியகமாக இருந்தபோது அவரை அழைத்துப் போனோம். கொதிகலன் அறைக்குள் விடவில்லை. ஆனால் மேல்தளத்தில் நின்றபடி, எந்த இடத்துக்குக் கீழே தன் வாட்ச் இருந்தது என்று காலால் தட்டிக் காட்டினார். 2014இல் அதை உடைக்கக் கொண்டுபோனபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த இரும்பைச் சேர்த்து பஜாஜ் ஒரு மோட்டார் சைக்கிள் செய்தது. அதைப் பேரன் வாங்கி வந்து நிறுத்தினான். அப்பா வழக்கம்போலப் புறங்கையால் டேங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடில்ல" என்றார்.

அவர் போன அன்று ஊரில் உள்ள முன்னாள் படைவீரர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு வந்து வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். தேசியக் கொடி போர்த்த வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். அரசு மரியாதையோ ராணுவ மரியாதையோ இல்லாத தனியார் இறுதிச் சடங்கில் கொடியைப் போர்த்துவதற்குக் கொடி விதிகளில் இடமில்லை. அப்பாவுக்கும் அது தெரியும், எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். பதக்கங்களையும் தொப்பியையும் ஒரு தலையணையில் வைத்து முன்னால் எடுத்துப்போனோம்.

காரியங்கள் முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழ் வாங்கி ஸ்பர்ஷில் தெரிவித்தோம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. இறந்த நாள் வரைதான் பென்ஷன், மறுநாளிலிருந்து குடும்பப் பென்ஷன். இடையில் தவறி வரவு வைக்கப்படும் தொகையை எடுத்துச் செலவு செய்துவிட்டால் பிறகு பிடித்தம் செய்வார்கள். பெயர் திருத்தம் முன்பே முடிந்திருந்ததால் அம்மாவின் குடும்பப் பென்ஷன் தொல்லையில்லாமல் வந்துவிட்டது. தொகை குறையும் என்பதையும் அவர் இருக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. வயதான காலத்தில் கிடைப்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்ற கணக்கு. அப்பா அதை அம்மாவிடம் பல தடவை சொல்லி, அதற்கேற்றபடி ஒரு தொகையைத் தபால் நிலையத்தில் போட்டுவைத்திருந்தார். இ.சி.எச்.எஸ். அட்டையிலும் அம்மாவின் நிலையை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு நான் விடுப்புப் போட்டுக் கிளம்பினேன். அம்மா அந்தப் பையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, நகல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "நீ வேலைக்குப் போம்மா. உங்கப்பா கப்பல்ல இருந்தப்ப இதெல்லாம் யாரு பாத்தா?" என்று சொல்லிவிட்டு, பேரனின் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.